உப்புக் காற்று, ஜெனரேட்டர் கரன்ட், கூம்பு ஸ்பீக்கர்: பேஸ் கிடாருக்கு எந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கலாம்?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவே மணல் திட்டில் வரிசையாக மீனவக் குப்பங்கள். அதில் ஒன்றில் ஊர்த் திருவிழா, இரவு பாட்டுக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. மேடையில் கீபோர்டு, ரிதம் பேட், டோலக், ஒரு பேஸ் கிடார். பேஸுக்கு என்று தனி ஆம்ப் இல்லை. மிக்ஸரிலிருந்து ஒரு நீளமான கேபிள் வரும், அதில் கிடாரைச் சொருக வேண்டியதுதான். தெருக்கோடி வரை கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். காற்றில் உப்பு.

இந்த மேடையில் நிற்கும் இளைஞர், "ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? யூடியூப் விமர்சனங்களில் பெரும்பாலானவை ஏசி போட்ட ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை. அங்கே நன்றாக ஒலிக்கும் பெட்டி, இந்த மேடையிலும் அப்படியே ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கப்போவது ஒரே ஒரு பெட்டி, அதுவும் சேர்த்து வைத்த காசில். பழுதானால் சர்வீஸுக்குச் சென்னை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் ‘எதில் எஃபெக்ட் அதிகம்’ என்று கேட்பதைவிட, ‘எது இந்த மேடையில் என்னைக் கைவிடாது’ என்று கேட்பதுதான் சரி.

நீங்கள் இருப்பது பழவேற்காடாக இருந்தாலும் சரி, வேளச்சேரி அபார்ட்மென்டாக இருந்தாலும் சரி, கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பேஸுக்கு எதற்கு எஃபெக்ட்?

தமிழ் சினிமாப் பாட்டில் பேஸ் கிடாருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இளையராஜாவின் இசைக்குழுவில் சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் என்று இந்த வாத்தியத்துக்காகவே பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கச்சேரி மேடையில் அந்தப் பாடல்களை வாசிக்கும்போது, ஒவ்வொரு பாட்டுக்கும் பேஸின் குரல் வேறாக இருக்கும். எண்பதுகளின் மெலடிக்கு உருண்டையான, மென்மையான ஒலி. தொண்ணூறுகளின் துள்ளல் பாட்டுக்குக் கட்டைவிரலால் அடிக்கும் ‘ஸ்லாப்’. இன்றைய குத்துப் பாட்டுக்குப் பல சமயம் சிந்தசைஸர் போன்ற உறுமல்.

இதையெல்லாம் தனித்தனி பெடலாக வாங்கினால் செலவு எகிறும், மேடையில் கேபிள் காடாகும். மல்டி எஃபெக்ட்ஸ் என்பது அத்தனையையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். கிடாரிலிருந்து வரும் சிக்னலை எண்களாக மாற்றி, கணக்குப் போட்டு, மறுபடியும் ஒலி சிக்னலாக வெளியே அனுப்புகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அமைப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு, காலால் மிதித்து மாற்றலாம்.

ஆனால் ஒன்று. பேஸ் வாசிப்பவருக்கு நிஜமாகத் தேவைப்படும் எஃபெக்ட்கள் ஐந்தாறுதான். ட்யூனர், கம்ப்ரஸர், ஈக்வலைசர், கொஞ்சம் ஓவர்டிரைவ், கோரஸ், ஆம்ப் சிமுலேஷன். இதற்கு மேல் ஆக்டேவ், ஃபில்டர், சிந்த் எல்லாம் ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கொள்ள மட்டும். ‘நூற்றுக்கணக்கான எஃபெக்ட்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கிடார் பெடலையே பேஸுக்கும் போடலாமா?

போடலாம், பெட்டி வெடித்துவிடாது. ஆனால் அடிநாதம் காணாமல் போகும்.

காரணம் எளிது. சாதாரண கிடாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 4 தந்தி பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது சரியாகப் பாதி. 5 தந்தி பேஸ் என்றால் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிடாருக்காகச் செய்த டிஸ்டார்ஷன்கள் பலவும் இந்தக் கீழ்ப்பகுதியை வேண்டுமென்றே வெட்டிவிடும், கிடாருக்கு அது சேறு என்பதால். பேஸுக்கோ அதுதான் சோறு.

அதனால் பேஸுக்கென்று செய்த பெட்டியில் ‘பிளெண்ட்’ அல்லது ‘மிக்ஸ்’ என்று ஒரு கட்டுப்பாடு இருக்கும். எஃபெக்ட் போட்ட ஒலியோடு, எஃபெக்ட் படாத சுத்தமான ஒலியையும் வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். மேலே உறுமல், கீழே அசையாத அடித்தளம். வாங்கும் முன் ஓவர்டிரைவுக்குள்ளே பிளெண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யோசியுங்கள்.

முதல் கேள்வி: கரன்ட் எங்கிருந்து வருகிறது?

நகரத்து விமர்சனங்களில் கடைசி வரியில் வரும் இந்த விஷயம், குப்பத்து மேடையில் முதல் வரிக்கு வர வேண்டும்.

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ் என்ற அடாப்டரில் ஓடுகின்றன. பழைய பெடல்களில் சில ஏசி 9 வோல்ட் கேட்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிப் பின்னாகவே இருக்கும். கடைத்தெருவில் கிடைத்த ஏதோ ஒரு அடாப்டரைச் சொருகி முனை மாறிவிட்டால், அன்றைக்கே பெட்டி போச்சு. அடாப்டரின் மேல் எழுதியிருப்பதையும் பெடலின் பின்னால் எழுதியிருப்பதையும் ஒப்பிடாமல் சொருகவே கூடாது. மில்லிஆம்பியர் அளவு பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் மாறவே கூடாது.

ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கும். அடாப்டரில் ‘100–240 வோல்ட்’ என்று போட்டிருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான அடாப்டரில் அந்த வசதி கிடையாது.

இங்கேதான் பேட்டரியில் ஓடும் பெடலுக்கு மவுசு. ஜூம் நிறுவனத்தின் பி1 ஃபோர், பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1பி இரண்டுமே 4 டபுள்-ஏ பேட்டரியில் ஓடும். பி1 ஃபோர் யுஎஸ்பி வழியாகவும் கரன்ட் எடுத்துக்கொள்ளும் என்பதால் பவர்பேங்க் போதும். பேட்டரியில் ஓடும்போது அடாப்டர் வழியாக வரும் இரைச்சல் இல்லை. ஜெனரேட்டர் இருமினாலும் உங்கள் பெட்டி அணைந்து மறுபடி விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் ஒலித் தரத்தில் பல படி மேலே. ஆனால் அதற்கு 9 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பேட்டரி வசதி கிடையாது. கூட வந்த அடாப்டர் கெட்டுப்போனால் பொன்னேரிக் கடைத்தெருவில் அதே அடாப்டர் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அந்த ‘உம்ம்ம்’ சத்தம் ஏன் வருகிறது?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50-லும் அதன் மடங்குகளிலும் வரும். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ‘ஜி’ சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது, கரன்ட் இரைச்சல் உங்கள் வாத்தியத்தின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. கிடார்காரர் மாதிரி கீழ்ப்பகுதியை வெட்டித் தப்பிக்க உங்களால் முடியாது.

பெட்டியில் இருக்கும் ‘நாய்ஸ் கேட்’ நீங்கள் வாசிக்காதபோது கதவைச் சாத்தும். அளவோடு வைத்தால் நல்லது. அதிகமாக வைத்தால் நீளமாக நிறுத்தும் சுரத்தின் வாலையும் சேர்த்து நறுக்கிவிடும்.

இதைவிட முக்கியம் கேபிள். கிடாருக்குப் போடும் சாதாரண கால் இஞ்ச் கேபிள் நீளமானால், சுற்றியுள்ள மின் இரைச்சலை வழியெல்லாம் வாங்கிக்கொண்டே வரும். 6 மீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை. மைக்குக்குப் போடும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரே சிக்னல் எதிரெதிராக இரண்டு கம்பிகளில் போகும். வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடும். மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தாலும் இந்தக் கேபிள் தாங்கும்.

ஆகவே இரண்டாவது கேள்வி: பெட்டியில் எக்ஸ்எல்ஆர் அவுட்புட் இருக்கிறதா? ஜூம் பி6-இல் இருக்கிறது. பி1 ஃபோர், ஜிடி-1பி, எச்எக்ஸ் ஸ்டாம்ப் மூன்றிலும் இல்லை. இல்லையென்றால் குடிமுழுகிப் போகாது. ‘பாஸிவ் டிஐ பாக்ஸ்’ என்று ஒரு சின்ன இரும்புப் பெட்டி கிடைக்கும். அதற்குக் கரன்டே வேண்டாம். பெடலிலிருந்து வெளிவரும் சிக்னலை எக்ஸ்எல்ஆருக்கு மாற்றித் தரும். வருடக்கணக்கில் உழைக்கும். விலை குறைந்த பெடலும் ஒரு டிஐ பாக்ஸும் சேர்ந்தால், டிஐ இல்லாத விலை உயர்ந்த பெடலைவிட மேடையில் சுத்தமாக ஒலிக்க வாய்ப்பு அதிகம்.

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்: ஷாக்

இரைச்சல் வந்தால், மேடை எலெக்ட்ரீஷியன்கள் சிலர் செய்யும் வைத்தியம், மூன்று முனை பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது. இரைச்சல் நின்றுவிடும். கூடவே உங்கள் பாதுகாப்பும் நின்றுவிடும்.

பேஸின் தந்திகள் கேபிளின் எர்த்தோடு இணைந்தவை. மைக்கின் கம்பி வலையும் அப்படியே. இரண்டும் வெவ்வேறு கருவிகளிலிருந்து வந்து, அதில் ஒன்றில் எர்த் பழுதாகிக் கசிவும் இருந்தால், தந்தியைப் பிடித்த கைக்கும் மைக்கைத் தொடும் உதட்டுக்கும் நடுவே முழு வோல்டேஜ் நிற்கும். 1972 மே மாதம், பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். ஈர மணலில், வெறுங்காலோடு, வியர்வையோடு நிற்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, எர்த் பின்னை உடைக்க விடாதீர்கள். இரைச்சலை நிறுத்த டிஐ பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஒலிக் கேபிளின் இணைப்பை மட்டும் துண்டிக்கும், மின்சாரப் பாதுகாப்பைத் தொடாது. இரண்டு, வாசிப்பதற்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் காட்டினால் எலெக்ட்ரீஷியன் சரிசெய்யும் வரை எதையும் தொடாதீர்கள். மூன்று, மேடையின் மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லி விழாக் குழுவிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான்கு, காலில் ரப்பர் செருப்பு, காலடியில் காய்ந்த மரப்பலகை.

பேட்டரியில் பெடலை ஓட்டினால் இந்த ஆபத்து போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கேபிள் மிக்ஸரோடு இணைந்திருக்கும் வரை எர்த் வழியும் இணைந்தே இருக்கிறது.

வீட்டில் இடி மாதிரி இருந்தது, மேடையில் கேட்கவே இல்லையே?

பேஸ் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். இதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது காது. குறைந்த சத்தத்தில் நம் காது தாழ்ந்த ஒலிகளைச் சரியாக வாங்காது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் ஹெட்ஃபோனில் மெதுவாக வைத்து அமைக்கும்போது, கை தானாகவே பேஸ் குமிழைத் திருகி ஏற்றிவிடும். அதே அமைப்பு மேடைச் சத்தத்தில் கொழகொழவென்று ஆகிவிடும். கடைசி அமைப்பை மேடை அளவுச் சத்தத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது ஸ்பீக்கர். தெருவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட எதையும் தராது. உங்கள் 41 ஹெர்ட்ஸ் அங்கே எப்படிப் போகும்? போகாது. ஆனால் ஒரு சுரம் என்பது அடிநாதம் மட்டும் இல்லை. அதன் மடங்குகளான மேல் ஒலிகளும் சேர்ந்ததுதான் சுரம். அந்த மேல் ஒலிகள் கேட்டால் போதும், விட்டுப்போன அடிநாதத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். உங்கள் செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் ‘கேட்பது’ இப்படித்தான். ஓவர்டிரைவ் செய்யும் வேலையே மேல் ஒலிகளைக் கூட்டுவது. எனவே, கரகரப்பு தெரியாத அளவுக்குக் கொஞ்சமே கொஞ்சம் ஓவர்டிரைவ், பிளெண்ட் பாதியில். தெருக்கோடியில் நிற்பவருக்கும் பேஸ் போய்ச் சேரும்.

மூன்றாவது நெரிசல். இதைப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஏரியில் காலங்காலமாக ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் யாருக்கும் மீன் கிடைக்காது. ஒலியும் அப்படித்தான். ரிதம் பேடின் ‘தும்’ 60–80 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். கீபோர்டுகாரரின் இடது கையும் பேஸின் பகுதியில்தான் நடமாடும். நீங்களும் அங்கேயே மோதினால் மூவருக்கும் நஷ்டம்.

ஈக்வலைசரில் உங்கள் பாட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். 35–40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அங்கே ஸ்பீக்கரை உலுக்கும் வேலை மட்டும்தான் நடக்கிறது. 5 தந்தி பேஸ் என்றால் 30 வரை விட்டுவைக்கலாம். 80–120 பகுதியை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். 250 சுற்றிக் கொஞ்சம் குறையுங்கள், கொழகொழப்பு தீரும். 700 முதல் 1,000 வரை சற்று ஏற்றினால் எந்தச் சுரம் வாசிக்கிறீர்கள் என்பது தெளிவாகும். கீபோர்டு நண்பரிடம், "அண்ணே, இடது கையைக் கொஞ்சம் மேல வாசிங்க" என்று கேட்டுவிடுவது எந்த ஈக்வலைசரையும்விட நன்றாக வேலை செய்யும்.

சரி, அப்போ எதை வாங்குறது?

விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், தேவையை வைத்துப் பிரித்துக்கொள்வோம்.

*இப்போதுதான் ஆரம்பம், காசு இறுக்கம்:* ஜூம் பி1 ஃபோர். இரண்டே மிதி சுவிட்ச், ட்யூனர், தாளம், சின்ன லூப்பர், ஹெட்ஃபோன் வசதி. கால் பெடலோடு வேண்டுமென்றால் பி1எக்ஸ் ஃபோர். குறை: உடம்பு இலகுவானது, முரட்டுத்தனமாக மிதிக்கக் கூடாது. இதன் யுஎஸ்பி வழியாகப் பாட்டு ரெக்கார்டு செய்ய முடியாது. மிச்சக் காசில் ஒரு பாஸிவ் டிஐ பாக்ஸும் நல்ல கேபிளும் கட்டாயம் வாங்குங்கள்.

*மாதம் சில கச்சேரி, வீட்டில் ரெக்கார்டிங்கும் உண்டு:* பாஸ் ஜிடி-1பி. மூன்று மிதி சுவிட்ச், ஒரு கால் பெடல், பேட்டரி வசதி. லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாக நேரடியாக ரெக்கார்டு செய்யலாம். மெனுவுக்குள் மெனு என்று போகும், பழக ஒரு வாரம் ஆகும்.

*இதுதான் தொழில் என்று முடிவாகிவிட்டது:* எச்எக்ஸ் ஸ்டாம்ப் அல்லது ஜூம் பி6. முதலாவதில் ஒலித் தரமும் நெகிழ்வும் அதிகம். மறு விற்பனையில் நல்ல விலை போகும். இரண்டாவதில் டிஐ அவுட்புட் உள்ளேயே இருக்கிறது, திரையைத் தொட்டே மாற்றலாம். பி1 ஃபோரை வைத்துப் பார்த்தால் இரண்டுமே பல மடங்கு விலை. எச்எக்ஸ் ஸ்டாம்ப்புக்கு ஒரு உபரி அடாப்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

*எனக்கு ஒரே ஒரு நல்ல ஒலி போதும்:* அப்படியென்றால் மல்டி எஃபெக்ட்ஸே வேண்டாம். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ போன்ற ப்ரீஆம்ப் பெட்டி போதும். பிளெண்ட், ஈக்வலைசர், எக்ஸ்எல்ஆர் மூன்றும் ஒரே பெட்டியில். மிக்ஸரிலிருந்து எக்ஸ்எல்ஆர் வழியாக வரும் 48 வோல்ட் ஃபான்டம் பவரிலேயே ஓடும் என்பதால் அடாப்டரும் தேவையில்லை. கையில் இவ்வளவு இல்லையென்றால் பெரிங்கர் பிடிஐ21 இதே பாணியில் குறைந்த விலையில் கிடைக்கிறது. உடம்பு பிளாஸ்டிக்.

முடிந்தவரை கடைக்கு நேரில் போய் வாசித்துப் பாருங்கள். சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிக்கல் உட்பட நகரத்தில் பல வாத்தியக் கடைகள் இருக்கின்றன. போகும்போது உங்கள் பேஸையே எடுத்துப்போங்கள். கடையில் இருக்கும் விலை உயர்ந்த பேஸில் எந்தப் பெடலும் அழகாகத்தான் ஒலிக்கும்.

கடையில் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். குனியாமல், நின்றபடி, மூன்று அமைப்புகளைக் காலால் மாற்றிப் பாருங்கள். மாறும் நேரத்தில் ஒலி துண்டாகிறதா? திரையில் உள்ள எழுத்து நின்ற இடத்திலிருந்து தெரிகிறதா? வெயிலில் தெரியுமா? வெறுங்காலில் மிதித்தால் இரண்டு சுவிட்சும் சேர்ந்து அமுங்குகிறதா? பாட்டு நடுவே இதெல்லாம்தான் உங்களைக் காப்பாற்றும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் கடலோர ஊரிலிருந்து வரும் பெட்டி என்றால் கூடுதல் கவனம். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் பேரம் பேசுங்கள், உள்ளே பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குமிழையும் சத்தத்தோடு திருகிப் பாருங்கள், கரகரவென்றால் தூசியோ துருவோ. கேபிளைச் சொருகி மெதுவாக ஆட்டுங்கள், ஒலி விட்டுவிட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சையும் பத்து முறை மிதியுங்கள். கடைசியாக ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்து பெட்டி ஒழுங்காக எழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஒரிஜினல் அடாப்டர் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள்.

உப்பிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

இன்ஜினுக்கு உப்பு எதிரி என்பதைப் படகு வைத்திருக்கும் வீட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெடலுக்கும் அதேதான், ஒரே வித்தியாசம், இதை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் பல இரவுகளில் இதுதான் நிலைமை. அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். ஜாக், சுவிட்ச், பேட்டரி ஸ்பிரிங் ஆகியவை முதல் பலி.

வைத்தியம் மலிவானதுதான். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து, உள்ளே வைத்து மூடுங்கள். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். மாதம் ஒரு முறை ஜாக்குகளுக்கும் கேபிள் முனைகளுக்கும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. மேடையில் பெட்டியை நேராக மணலில் வைக்காதீர்கள். ஒரு பலகையில் வெல்க்ரோ ஒட்டி அதன் மேல் வையுங்கள், சுவிட்சுக்குள் மணல் போனால் எடுப்பது கஷ்டம். பேஸின் தந்தியையும் துடைக்க மறக்காதீர்கள், துரு பிடித்த தந்திக்கு எந்தப் பெடலும் உயிர் கொடுக்காது.

வாங்கிய பிறகு முதல் வாரம்

பெட்டியோடு வரும் அமைப்புகள் கடையில் அசத்துவதற்காகச் செய்தவை, ஒரே நேரத்தில் நான்கைந்து எஃபெக்ட் ஓடும். அவற்றை ஓரம் வைத்துவிட்டு, மூன்றே அமைப்புகளை நீங்களே செய்யுங்கள். ஒன்று, கம்ப்ரஸரும் ஈக்வலைசரும் மட்டும் உள்ள சுத்தமான ஒலி, பாதிக் கச்சேரி இதிலேயே ஓடும். இரண்டு, அதனோடு லேசான கோரஸ், மெலடிக்கு. மூன்று, பிளெண்ட் வைத்த ஓவர்டிரைவ், குத்துப் பாட்டுக்கு. மூன்றின் சத்தமும் சமமாக இருக்கிறதா என்று சரிபாருங்கள், மிதித்ததும் ஒலி எகிறினால் மிக்ஸரில் இருப்பவர் உங்களை அடுத்த பாட்டிலிருந்தே குறைத்து வைத்துவிடுவார். ரிவெர்ப் வேண்டாம், திறந்தவெளியானாலும் மண்டபமானாலும் பேஸுக்கு அது சேறுதான்.

மேடைப் பையில் எப்போதும் ஒரு உபரி கேபிள், ஒரு செட் புது பேட்டரி, ஒரு டார்ச். இது மூன்றும் இருந்தால், பெட்டியே செத்துப்போனாலும் கிடாரை நேராக டிஐ பாக்ஸில் சொருகி அந்தப் பாட்டை முடித்துவிடலாம். திருவிழா மேடையில் பாட்டு பாதியில் நிற்காமல் இருப்பதுதான் முதல் எஃபெக்ட், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.